வேலந்தாவளம் ரோட்டு நர்சரி: செடி பாக்க சுமாருதான், ஆனா சாகாது

மொதல்லயே சொல்லீர்றேனுங்க, நாலு ஸ்டார். அஞ்சாவது ஸ்டார எதுக்கு புடிச்சு வெச்சுக்கிட்டேன்னு கீழ வருது. கடைக்கு போர்டு கெடையாது. வேலந்தாவளத்துல இருந்து கொழிஞ்சாம்பாறை போற ரோட்டுல பனைமரம் வரிசையா வர்ற எடத்துல, இடது கை பக்கம் கம்பி வேலிக்குள்ள வெயில்ல கறுப்புக் கவரா அடுக்கி வெச்சிருப்பாங்க பாருங்க, அதுதான். கோயமுத்தூர்ல இருந்து வர்றவங்க செக்போஸ்ட் தாண்டுனதும் வண்டிய மெதுவா ஓட்டுங்க, இல்லீன்னா தாண்டிப் போயிருவீங்க, ஏன்னா நர்சரின்னு தெரியறாப்புல பச்சை வலையோ கலர் கலரா தொட்டியோ வாசல்ல எதுவுமே இருக்காது.

இந்த ரிவ்யூ யாருக்குன்னா, வீட்டுக்கு முன்னாடி ரெண்டு சென்ட் எடம் இருக்கு, அதுல பூ வேணும், ஆனா ஊத்தறதுக்கு தண்ணி இல்ல, அவங்களுக்கு. எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் இருக்கறவங்களுக்கு நான் வெளக்க வேண்டியதே இல்ல. கேரளான்னு சொன்னாலே வெளியூர்க்காரங்க "உங்களுக்கென்னப்பா, மழை கொட்டும்"னு சொல்றாங்க. கேரளாவோட சராசரி மழை வருசத்துக்கு சுமார் 3000 மில்லிமீட்டர்னா இந்தக் கெழக்கு மூலைக்கு அதுல பாதிகூட தேறாது. மலை மறைச்சுக்குது. ஆனி ஆடியில மழைக்குப் பதிலா பாலக்காட்டுக் கணவாய்க் காத்துதான் வந்து அறையுது, மார்கழி தையில அதே கணவாய் வழியா கெழக்க இருந்து வறண்ட காத்து, ரெண்டுமே எலையில இருக்கற ஈரத்த உறிஞ்சிட்டுப் போயிரும். போருல தண்ணி எறங்குனதும் பங்குனி சித்திரையில லாரித் தண்ணிக்குக் காத்துக் கெடக்கறோம், அந்தத் தண்ணிய ரோஜாவுக்கு ஊத்த மனசு வருமா சொல்லுங்க.

சரி, நர்சரிக்கு வர்றேன்.

உள்ள போனதும் மொதல்ல தோணறது "இதென்ன, எல்லாம் வாடிப் போய் நிக்குது"ன்னுதான். ஆவாரஞ்செடி எல்லாம் முழங்கை நீளங்கூட இல்ல, எலை சின்னச் சின்னதா, கொஞ்சம் மஞ்சளடிச்சு, தண்டு மட்டும் பென்சில் மொத்தத்துல கட்டையா நிக்கும். பொள்ளாச்சி பக்கம் பெரிய நர்சரியில எல்லாம் நெழல்வலைக்குக் கீழ தெனம் தண்ணி தெளிச்சு தளதளன்னு வெச்சிருப்பாங்களே, அத பாத்துப் பழகுன கண்ணுக்கு இது ஒண்ணுமே புடிக்காது. நான் மொத தடவ போனப்ப கேட்டே விட்டேன், "ஏனுங்க்கா, தண்ணியே ஊத்தறதில்லீங்களா?" நர்சரிக்கார அக்கா சிரிச்சுக்கிட்டே, "ஊத்துவேங் கண்ணு, வாரத்துக்கு ரெண்டு தடவ. நெழல்ல வெச்சு தெனம் ஊத்துன செடி, செல்லங் குடுத்து வளத்த புள்ளையாட்டம், உங்கூட்டுக்கு வந்த மக்யா நாளே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கும்"னுச்சு.

இந்த ஒரு விசயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். தண்ணி கம்மியாக் கேக்கற செடின்னு சொல்லி விக்கறவங்க நெறையப் பேரு இருக்காங்க, ஆனா அந்தச் செடிய தண்ணி கம்மியா குடுத்தே வளத்து விக்கறவங்க ரொம்பக் கம்மி. ஆவாரை வறட்சிய தாங்கும்தான், அது பொறப்புலயே இருக்கற கொணம்தான், ஆனா நாத்தா இருக்கறப்ப நெழல்லயே இருந்தா அதோட எலை மெல்லிசா அகலமா வரும், வேரு மேலாப்புலயே சுத்தும், அத அப்படியே எடுத்துட்டு வந்து நம்ம வாசல் வெயில்ல நட்டா எலை கருகி, வேரு கீழ எறங்கறதுக்குள்ளயே காஞ்சு போயிரும், அப்புறம் "வறட்சியத் தாங்கும்னாங்க, ஒரு மாசங்கூடத் தாங்கல"ன்னு செடிய வைவோம். இங்க மொளச்சு நாலு எலை விட்டதுமே வெயிலுக்குக் கொண்டாந்துர்றாங்க.

இன்னொண்ணு கவனிச்சேன். அங்க வேலை செய்யற பையன் ஒரு வரிசைக் கவர எடுத்து எடுத்து பக்கத்து வரிசைக்கு மாத்திக்கிட்டு இருந்தான். எதுக்குடான்னா, ஆணிவேரு கவர ஓட்ட போட்டு கீழ தரைக்குள்ள எறங்கிருமாம், அப்பறம் விக்கறப்ப இழுத்தா வேரு அந்து போயிரும், அதனால அப்பப்ப எடம் மாத்தி வெச்சு நுனி வேர அங்கயே நிறுத்தி, உள்ளயே பக்க வேரு விட வெக்கறாங்க. செடி வளந்ததும் உயரவாரியா பிரிச்சும் வெச்சுக்கறாங்க. பெரிய நர்சரியில கூட இத ஒழுங்கா செய்யறதில்ல. நீங்க எங்க செடி வாங்குனாலும் கவர தூக்கிப் பாருங்க, அடியில தடிச்ச வேரு ஒண்ணு பிஞ்சு தொங்குச்சுன்னா அந்தச் செடி வேண்டாம். இங்க நான் கேட்டதும் ஒரு கவர பிளேடு போட்டு கிழிச்சே காட்டுனாங்க, வேரு வெள்ளையா, சுத்தாம நேரா இருந்துச்சு.

மண்ணு கலவைதான் அடுத்த பாய்ன்ட்டு. பொள்ளாச்சி சுத்துல கயிறு மில்லு இருக்கற அளவுக்கு நார்க்கழிவும் மலையாக் கெடக்குது, அதனால எல்லா நர்சரியிலயும் அதத்தான் கவர்ல ரொப்பறாங்க, எடை கம்மி, வெலை கம்மி, ஈரம் நிக்கும். கொரோட்டன்ஸுக்கும் கீரைக்கும் அது சரி. வறண்ட நெலத்துச் செடிக்கு அதுல ரெண்டு தொல்லை, ஈரமா இருக்கறப்ப வேரு மூச்சு முட்டும், ஒருக்கா நல்லா காஞ்சு போச்சுன்னா மறுபடி தண்ணி ஊத்துனாலும் உள்ள எறங்காம சைடுல ஓடிரும். நட்டதுக்கு அப்புறம் சுத்தி இருக்கற மண்ணு ஈரமா இருக்கும், நடுவுல அந்த நாரு உருண்டை மட்டும் வறண்டு கெடக்கும், செடி ஏன் செத்துச்சுன்னே தெரியாது. இங்க செம்மண்ணு, ஆத்து மணலுக்குப் பதிலா கல்லு பொடி, கொஞ்சூண்டு ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். கவரு கனமா இருக்கும், பஸ்ல தூக்கிட்டு வர்றவங்க கை வலிக்கும்னு இப்பவே சொல்லி வெக்கறேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எங்கம்மா கேட்ட கேள்விய நீங்களும் கேப்பீங்க. "ஏன்டா, ரோட்டோரத்துல சும்மா பூத்துக் கெடக்கறத இருவத்தஞ்சு ரூபா குடுத்து வாங்கீட்டு வந்திருக்கற, காசு என்ன மரத்துலயா காய்க்குது?" நாயமான கேள்விதான். ரோட்டோரத்துல புடுங்கீட்டு வந்து நட்டா பொழைக்காது, அதான் பதிலு. ஒரு சாண் செடிக்குக் கீழ ரெண்டு முழம் வேரு இருக்கும், தோண்டுனா பாதியில அந்துரும். வெதை போடலாம், ஆனா ஆவாரை வெதைக்கு மேல்தோலு கெட்டி, அப்படியே தூவுனா இந்த வருசம் ஒண்ணு அடுத்த வருசம் ஒண்ணுன்னு அது இஷ்டத்துக்கு மொளைக்கும். கொதிக்கற தண்ணிய எறக்கி வெச்சு கொஞ்சம் சூடு தணிஞ்சதும் வெதையப் போட்டு ராத்திரி முழுக்க ஊற விடோணும், உப்பி வர்றத மட்டும் எடுத்து நடோணும், உப்பாதத உப்புத்தாள்ல லேசா தேச்சுட்டு மறுபடி ஊற வெக்கோணும். பொறுமை இருக்கறவங்க அப்படியே செய்யுங்க, காசு மிச்சம். சொல்லப்போனா நேரடியா எடத்துலயே வெதை ஊணி வர்ற செடிதான் கவர்ச் செடிய விட ஆழமா வேரு விடும். இந்த அக்காவே வெதையும் பேப்பர்ல மடிச்சுத் தர்றாங்க, செடிதான் வாங்கோணும்னு கட்டாயப்படுத்தல, அது எனக்குப் புடிச்சுது.

இப்ப எங்க மச்சான் கதை. அவரு அபுதாபியில இருந்து லீவுக்கு வந்தப்ப ஆன்லைன்ல "டெசர்ட் வைல்ட் ஃப்ளவர்"னு ஒரு வெதை பாக்கெட்டு ஆர்டர் பண்ணாரு, எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம். அட்டையில மஞ்சள் பூ, டெசர்ட் மேரிகோல்டுன்னு போட்டிருந்துச்சு. பேருல மேரிகோல்டு இருக்கறதால நம்ம துலுக்க செவ்வந்தின்னு நெனச்சுக்காதீங்க, அது வேற சாதி. பெய்லியா மல்ட்டிரேடியேட்டான்னு அதுக்குப் பேரு, அமெரிக்காவோட தென்மேக்கு மாநிலங்கள் அரிசோனா, நியூ மெக்சிகோ, நெவாடா, டெக்சஸ், அப்புறம் மெக்சிகோவோட வடக்குப் பகுதி, அங்க பாலைவனத்துல தானா மொளைக்கறது. எலையில சாம்பக் கலர்ல பஞ்சாட்டம் ரோமம் இருக்கும், அதுதான் வெயில தடுத்து ஈரத்தக் காப்பாத்தும். ஒரு முழத்துக்கு மேல வளராது, ஒவ்வொரு தண்டு நுனியிலயும் ஒத்தைப் பூ, வசந்தத்துல ஆரம்பிச்சு மாசக்கணக்கா பூக்கும். ரெண்டு மூணு வருசம் இருந்துட்டுப் போயிரும், ஆனா வெதை விழுந்து தானா மறுபடி வரும். அங்க வீட்டுத் தோட்டத்துல தண்ணி மிச்சம் பண்ணறதுக்காக ஆசையா வெக்கறாங்க, அந்த ஊருக்கு அது அருமையான செடி, அதுல சந்தேகமே இல்ல.

இங்க என்ன ஆச்சுன்னா மொளச்சுது, நல்லாவே மொளச்சுது, மச்சான் போட்டோ எல்லாம் எடுத்து பேமிலி குரூப்ல போட்டாரு. அப்புறம் ஐப்பசி வந்துச்சு. விடாம அடிச்ச மழையில தண்டு மண்ணத் தொடற எடத்துல அழுகி ஒவ்வொண்ணா சாஞ்சு படுத்துருச்சு. "நம்மூரு வெயிலு ஆகல"ன்னு அவரு சொல்லிக்கிட்டாரு. வெயில் இல்லீங்க மச்சான், மழை! அரிசோனாவுல பீனிக்ஸ் நகரத்துல வருசம் முழுக்கப் பெய்யற மழையே 200 மில்லிமீட்டர் ஒட்டித்தான், அதுவும் குளிருல கொஞ்சம் கோடையில கொஞ்சம்னு ரெண்டு பங்காப் பிரிச்சு வரும். நம்ம காடு வறண்டதுதான், ஆனா வருசத்துல ஒரு ரெண்டு மாசம் கரிசல் மண்ணு ஊறி களியா நிக்கும். பத்து மாசம் வறட்சிய தாங்கணும், ரெண்டு மாசம் ஊறுன மண்ணையும் தாங்கணும், இந்த ரெண்டும் தெரிஞ்ச செடி ஆவாரையும் பூளையும் கொழுஞ்சியும்தான், அங்க இருக்கற செடிக்கு ரெண்டாவது பாடம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல.

இன்னொண்ணு, அந்த பெய்லியா செம்மறி ஆட்டுக்கு வெசம்னு அங்க மேய்ச்சல் காரங்களுக்குத் தெரியும். நம்ம பக்கத்துல வேலி தாண்டாத ஆடு எங்கயாவது இருக்கா? அதோட "மிக்ஸ்"னு வர்ற பாக்கெட்டுல என்னென்ன வெதை இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும். பார்த்தீனியம் 1950கள்ல நம்ம நாட்டுல கண்ணுல பட ஆரம்பிச்சது, எறக்குமதி கோதுமையோட வந்துச்சுன்னு சொல்லுவாங்க, இன்னைக்கு ரயில் ரோட்டோரம் பூரா அதான். உண்ணிச்செடியும் யாரோ அழகுக்குக் கொண்டாந்து வெச்சதுதான், இப்ப காடே அது கையில. அதனால பேரு தெரியாத கலவை வெதைய கண்ட எடத்துல தூவாதீங்க, அவ்வளவுதான் என்னோட வேண்டுகோளு.

சரி, இந்த நர்சரியில என்னென்ன கெடைக்குது.

ஆவாரைதான் முக்கியம், அதத்தான் எல்லாரும் வாங்கறாங்க. மலையாளி கஸ்டமருங்க வந்து விசுவுக்குக் கணிக்கொன்னை இருக்கான்னு கேப்பாங்க, ரெண்டும் மஞ்சப் பூதான், கிட்டத்துச் சொந்தம்தான், ஆனா கொன்னை மரம், ரெண்டு சென்ட் வாசலுக்கு நெழலும் கட்டி வேரும் விட்டுரும். ஆவாரை நெஞ்சு உயரத்துல நிக்கற புதரு, வெட்டி வெட்டி விட்டா வேலியாட்டமும் வெச்சுக்கலாம். முந்தியெல்லாம் தோலு பதனிடறதுக்கு இதோட பட்டையத்தான் கிழிச்சுட்டுப் போவாங்க, டேனரி இருந்த ஊரு பூரா ஆவாரம்பட்டை ஏவாரம் நடந்துச்சு. இப்ப பட்டைக்கு யாரும் வர்றதில்ல, பூவுக்குத்தான் வர்றாங்க, டீத்தூளுன்னு, முகத்துக்குப் பொடின்னு. அந்த மருத்துவ வெசயத்துக்குள்ள நான் போகல, இந்தப் பூவப் பத்தி எழுதற எல்லாரும் கட்டாயம் போடற அந்தப் பழமொழியையும் நான் போடல, உங்களுக்கே தெரியும்.

எனக்குப் புடிச்சது அதுல வர்ற கருவண்டு. காலையில எட்டு மணி வாக்குல பூ மேல வந்து உக்காந்து ரெக்கைய அசைக்காம உடம்ப மட்டும் நடுக்கி "ர்ர்ர்ர்"னு ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க, ஆவாரம்பூவுல தேன் கெடையாது, மகரந்தம் மட்டும்தான், அதுவும் நுனியில சின்ன ஓட்டை வெச்ச பைக்குள்ள அடைச்சு வெச்சிருக்கும், அந்த நடுக்கத்துலதான் அது ஓட்டை வழியா உதிர்ந்து வண்டு வயித்துல ஒட்டும். சாதாரண தேனீ இதச் செய்யாது. அப்புறம் வெளுத்த மஞ்சள் கலந்த பச்சையில பட்டாம்பூச்சி நெறைய சுத்தும், அது எலையில முட்டை வெச்சுட்டுப் போனதும் பச்சைப் புழு வந்து சில கெளைய மொட்டை அடிச்சுரும். மருந்து அடிச்சுராதீங்க, ஒரு மழைக்கு மறுபடி தளுத்துரும். ஆடு மட்டும் இத அவ்வளவா கடிக்கறதில்ல, எங்க வேலி நெலமைக்கு அதுவே பெரிய தகுதி.

நட்ட மறு வருசம் தை பொறக்கறதுக்கு முன்னாடி காப்பு கட்டறதுக்கு எங்க வீட்டுப் பூவுதான். ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேப்பங்கொத்தும் மூணும் சேத்துக் கட்டுனா ஆச்சு, கோயமுத்தூர் மார்க்கெட்டுல அன்னைக்கு ஒரு கட்டு என்ன வெலை சொல்றாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பூளை இந்த நர்சரியில தனியா விக்கறதில்ல, மத்த கவர்ல களையாவே மொளச்சுருக்கும், அக்கா அத புடுங்காம வுட்டு வெச்சு "இது இனாம்"னு குடுக்கறாங்க. ஒருக்கா வந்துருச்சுன்னா அப்புறம் நீங்க வேண்டாம்னாலும் போகாது, வெள்ளைக் கதிரு காஞ்சு வெதை உதிர்ந்து வாசல் படி இடுக்குல எல்லாம் மொளைக்கும்.

விஷ்ணுகிராந்தி வாங்கறவங்க மட்டும் கொஞ்சம் உசாரா இருங்க, இது இந்தக் கடையப் பத்தினது இல்ல, பொதுவா. பல நர்சரியில விஷ்ணுகிராந்தின்னு சொல்லி நல்லா புஷ்டியா நீலப் பூவோட ஒரு செடி தருவாங்க, அது பிரேசில் பக்கத்துச் செடி, ப்ளூ டேஸ்னு பேரு, அழகாத்தான் இருக்கும், ஆனா தண்ணி கேக்கும். நம்ம விஷ்ணுகிராந்தி தரையோட படர்ற கொடி, எலையெல்லாம் ரோமம், பூ ஒரு சட்டை பட்டன விட சின்னது, காலையில விரிஞ்சு வெயிலேற மூடிக்கும். இங்க ரெண்டும் வெச்சிருக்காங்க, "பெரிய பூ வெளியூருது, சின்னப் பூ நம்ம கரட்டுது"ன்னு அக்கா பிரிச்சே சொல்லீருச்சு. நித்தியகல்யாணியும் அப்படித்தான், நம்ம சுடுகாட்டுப் பக்கம் எல்லாம் பூத்துக் கெடக்கறதால நம்மதுன்னு நெனச்சுக்கறோம், பூர்வீகம் மடகாஸ்கர். அது கெட்ட செடி இல்ல, தண்ணியும் கேக்காது, ஆனா ஆடு மாடு கொழந்தை வாயில போகாமப் பாத்துக்கோங்க.

கொழுஞ்சி, தும்பை ரெண்டும் வெதையா வாங்கறதுதான் புத்திசாலித்தனம். கொழுஞ்சி ஊதாப் பூ, வேருல முடிச்சுப் போட்டு மண்ணுக்கு தழைச்சத்து சேக்கும், முந்தி எங்க தாத்தா காலத்துல வயல்ல மிதிக்கறதுக்குன்னே வெச்சது. ஓரிதழ் தாமரை கேட்டேன், அக்கா குடுத்த வெதையில முக்காவாசி மொளைக்கவே இல்ல, அதுக்குக் காசு வாங்கக் கூடாது சாமி.

இப்ப அஞ்சாவது ஸ்டாரு. செங்காந்தள் கெழங்கு வெச்சிருக்காங்க, எங்க பக்கம் கண்வலிக்கெழங்குன்னு சொல்லுவோம். தமிழ்நாட்டோட மாநிலப் பூ, மூலனூர் பக்கம் வெதைக்காக ஏக்கர் கணக்குல பந்தல் போட்டுப் பயிர் பண்றாங்க, அதுல இருந்து எடுக்கற கோல்ச்சிசின் கீல்வாதத்துக்கு மருந்தாப் போகுது. கெழங்கும் அங்க ஒரு வெவசாயிகிட்ட இருந்துதான் வாங்கியாந்ததுன்னு சொன்னாங்க, காட்டுல தோண்டுனது இல்ல, அது வரைக்கும் நல்லது. ஆனா அந்தக் கெழங்க மஞ்ச, இஞ்சி வெதைக்கெழங்கு வெச்சிருக்கற கூடைக்குப் பக்கத்துலயே, பேரு கூட எழுதாம, தெறந்த தட்டுல கொட்டி வெச்சிருந்தாங்க. செடி முழுக்க வெசம், கெழங்குல ரொம்ப ஜாஸ்தி, தின்னா உசுரு போயிரும். அந்தப் பையன் அத எடுத்து ஒரு அம்மாவுக்கு இஞ்சி இருந்த கவர்லயே போடப் போனான், நான்தான் தடுத்தேன். அக்காகிட்ட சொன்னதுக்கு "எல்லாருக்கும் தெரியும் கண்ணு"ன்னுச்சு. தெரியாதுங்க. அப்பார்ட்மென்ட்டுல இருந்து வர்றவங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவ போனப்ப தட்டு தள்ளி வெச்சிருந்துச்சு, ஆனா எழுத்து இன்னும் இல்ல. எழுதி வெச்ச அன்னைக்கு நான் வந்து இந்த ஸ்டார மாத்தறேன்.

வாங்கறவங்க தெரிஞ்சுக்கோங்க, கெழங்கு ரெண்டு காலு விரிச்சாப்புல இருக்கும், நுனியிலதான் மொளைக்கண்ணு, அது ஒடஞ்சுருந்தா வராது, அதனால நுனிய பாத்து எடுங்க. வைகாசி ஆனியில நட்டா மழைக்கு மேல வரும், எலை நுனியே சுருண்டு கம்பியப் புடிச்சுக்கும், பூ பச்ச மஞ்சள்ல ஆரம்பிச்சு செவப்பாகும், அப்புறம் கொடி காஞ்சு போயிரும். செத்துப் போச்சுன்னு தோண்டி எறிஞ்சுராதீங்க, கெழங்கு கீழ தூங்குது, அந்த நேரத்துல தண்ணியும் ஊத்தாதீங்க. சின்னக் கொழந்தை இருக்கற வீடா இருந்தா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

நடறதப் பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா நல்ல செடிய வாங்கீட்டுப் போயி கரிசல்ல குழி தோண்டி, அதுல மணலக் கொட்டி, நட்டு, மழையில சாகடிச்சவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. கேரளாவுல கரிசல் மண்ணுன்னா இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகாப் பக்கம்தான், வேற எங்கயும் இல்ல, அதனால கேரளாக்காரங்க எழுதற தோட்டக் குறிப்பு எதுவும் நமக்கு ஒத்து வராது. கரிசல்ல குழிக்குள்ள மட்டும் மணலு போட்டா சுத்தி இருக்கற களிமண்ணு தண்ணிய விடாது, பெஞ்ச மழை எல்லாம் அந்தக் குழிக்குள்ளதான் வந்து நிக்கும். குழி தோண்டறதுக்குப் பதிலா மேடு போடுங்க, ஒரு அடி உயரம், சரளையும் செம்மண்ணும் கலந்து, அதுக்கு மேல நடுங்க. புரட்டாசிக் கடைசியில, மழை புடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நட்டா வேரு எறங்கறதுக்கு நேரம் கெடைக்கும். மொதக் கோடைக்கு வாரம் ஒருக்கா ஒரு குடம், காலையில, தண்டு மேல ஊத்தாம ஒரு முழம் தள்ளி வட்டமா ஊத்துங்க, தெனம் ஒரு சொம்பு ஊத்தறது எதுக்கும் ஆகாது, வேரு மேலயே வந்து உக்காந்துக்கும். பங்குனியில எலை கொட்டுச்சுன்னா பதறாதீங்க, நகத்துல தண்ட லேசாக் கீறிப் பாருங்க, உள்ள பச்சை இருந்தா உசுரு இருக்கு. அடுத்த மழைக்கப்புறம் நான் ஊத்தறதையே நிறுத்திட்டேன். யூரியா, மண்புழு ஒரம், எதுவும் வேண்டாம், ஒரம் போட்ட எடத்துல எலைதான் காடா வந்துச்சு, பூவக் காணோம்.

மத்த கொறையெல்லாம் சின்னச் சின்னதுதான். எந்தச் செடியிலயும் பேரு எழுதல, அக்கா இல்லாத நேரத்துல போனா அந்தப் பையனுக்கு ஆவாரையும் ஊமத்தையும் மட்டும்தான் தெரியுது. அடீனியம் தொட்டி நாலஞ்சு வெச்சுருக்காங்க, பாலைவன ரோஜான்னு நல்ல வெலை சொல்றாங்க, ஆப்பிரிக்கா அரேபியாச் செடி, மழையில நனையாத எடத்துல வெச்சா பொழைக்கும், அழகுதான், ஆனா இங்க வந்து அத வாங்கறதுக்கு பொள்ளாச்சியிலயே வாங்கிக்கலாம். டெலிவரி கெடையாது. ஜிபே இருக்கு, ஆனா அந்த எடத்துல சிக்னலு வரும் போகும், கையில சில்லற வெச்சுக்கோங்க. ஆவாரை 25 ரூபா, விஷ்ணுகிராந்தி 20, செங்காந்தள் கெழங்கு 60, வெதை மடிப்பு 10. பேரம் பேசாதீங்க, பேசுனாலும் கொறைக்கறதில்ல, அதுக்குப் பதிலா ஒரு தும்பையோ பூளையோ சேத்துக் குடுப்பாங்க.

உடனே வாசல் பூரா பச்சையா நெறைஞ்சு போட்டோ எடுக்கோணும்னு நெனைக்கறவங்க இங்க வர வேண்டாம். மொத வருசம் முழுக்க குச்சியத்தான் பாத்துட்டு இருக்கோணும், வர்ற விருந்தாளி எல்லாம் கேப்பாங்க, பதில் சொல்லிச் சொல்லி சலிச்சுப் போகும்.

கோயமுத்தூர் உக்கடத்துல இருந்து வேலந்தாவளம் பஸ்ஸு இருக்கு, எறங்கி ஆட்டோ புடிச்சா போதும். காலையில பத்து மணிக்குள்ள போயிருங்க, மத்தியானத்துக்கு மேல அக்கா சந்தைக்குப் போயிரும், ஞாயித்துக்கெழமை தெறக்கறதே சந்தேகம். அப்புறம் ஒரு சாக்குப் பை கொண்டு போங்க, அவங்க தர்ற மெல்லிசுப் பை அந்த செம்மண்ணு கனத்துக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடத் தாங்காது.